ஆஸ்பத்திரிக் கல்

செங்கோட்டைப் பிரசவ ஆஸ்பத்திரியை
இடிக்கலாமா என்று பார்த்துச் சொல்ல
என்னை அனுப்பினார்கள்.
ஆனி மாசம். கணவாய்க் காற்று
குடையைப் பிடுங்கி
ரயில்வே கேட் வரை கொண்டுபோனது.
நான் இந்த ஊர்க்காரன் இல்லை, வள்ளியூர்.
என் வீட்டில் யாரும் இங்கே பிறக்கவில்லை.

படிவத்தில் பதினாறு கட்டம்.
கட்டிய ஆண்டு, பரப்பு, விரிசல், ஒழுக்கு,
மின் இணைப்பு எண்.
வடிவமைத்தவர் பெயருக்குக் கட்டமில்லை.

பதிவறையில் பூஞ்சை பிடித்த நீலப்படம்.
ஓரத்தில் எறும்புபோல ஒரு கையெழுத்து:
ர. செண்பகவடிவு, 1955.

பம்பாயில் படித்தவர்.
வாட்ச்மேன் மொய்தீன் பிச்சை சொன்னதையும்
கோப்பில் கிடந்ததையும் கலந்து சொல்கிறேன்.
சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிச்
சாரத்தில் ஏறுவாராம்.
அண்ணாந்து பார்க்கக் கூசிய கொத்தனார்கள்
தரையைப் பார்த்தே சுவர் எழுப்பியதில்
முதல் சுவர் கோணல்.
அவரே கடப்பாரை வாங்கித் தள்ளினார்.

அஸ்திவாரம் போட்டபோது திருவிதாங்கூர்-கொச்சி.
சென்டரிங் பிரித்தபோது மதராஸ்.
ஐம்பத்தாறு நவம்பர் ஒன்றாம் தேதி
கட்டடம் அங்கேயே நின்றது,
மாநிலம் எழுந்து போனது.
கட்டணம் கேட்டு எழுதினார்.
திருவனந்தபுரம்: கட்டடம் எங்களிடம் இல்லை.
மதராஸ்: நீங்கள் எங்களிடம் இல்லை.
இரண்டு கடிதமும் ஒரே குண்டூசியில்.

மேற்குச் சுவரில் ஜன்னலே வைக்கவில்லை.
முழுக்க ஓட்டைக் கல், சிமெண்டில் வார்த்தது.
ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் சரிவாக ஒரு நாக்கு.
சாரல் அதில் பட்டு வெளியே வழியும்.
காற்று மட்டும் உள்ளே வந்து
பிள்ளை பெற்றவளின் கழுத்து வேர்வையைத் தொடும்.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
அறுபது வருஷத்துக்கு மேல்.
உள்பக்கம் ஒரு கல்லும் நனையவில்லை.

ஒழுகுவது வேறு இடம்.
எழுபத்து நாலில் யாரோ அமைச்சர் வருகிறாரென்று
மேலே ஒரு மாடி ஏற்றியிருக்கிறார்கள்.
நீலப்படத்தில் கூரைக்கு நேரே
அவர் எழுதியிருந்தது இரண்டே சொல்:
இதற்குமேல் வேண்டாம்.

மொத்தம் பதினோரு கட்டடம்.
கடையநல்லூரில் பள்ளிக்கூடம்,
ஆரியங்காவில் ரப்பர் குடோன்,
புனலூரில் சினிமா கொட்டகைக்கு
டிக்கெட் கொடுக்கும் கூண்டு மட்டும்.
விருது கிடையாது. புகைப்படம் ஒன்று;
அதிலும் முகத்தில் தொப்பி நிழல்.
கடைசிக் காலம் இலஞ்சியில் வாடகை வீடு.
ஓட்டு வீடு. நன்றாக ஒழுகுமாம்.

டீ குடிக்கப் புளியரை வரை போனேன்.
ஆட்டுக் கொட்டில், தண்ணீர்த் தொட்டிச் சுற்று,
பரோட்டாக் கடையில் புகை போகும் பக்கம்,
பள்ளிவாசலில் கால் கழுவும் இடம்,
யார் யாரோ இதயம் கீறிய பஸ் நிழற்குடை,
எல்லாவற்றிலும் அந்தக் கல்.
பட்டறைக்காரனிடம் கேட்டேன், இதற்கு என்ன பேர்?
ஆஸ்பத்திரிக் கல் சார்.
மலைக்கு அந்தப் பக்கம்
செங்கோட்டைக் கட்டன்னு கேப்பாங்க.
யார் கண்டுபிடிச்சது?
கல்லுக்கெல்லாமா சார் ஆள் இருக்கும்.
அச்சைக் காட்டினான்.
நாக்கைக் காணோம்.
கல்லுக்கு ரெண்டு ரூபா மிச்சம்னு
அவன் அப்பா காலத்திலேயே எடுத்துவிட்டார்களாம்.
ஊர் முழுக்க அவர் கல்.
ஊர் முழுக்கச் சாரல் உள்ளே அடிக்கிறது.

'இதர' என்ற பதினாறாம் கட்டத்தில்
அவர் பெயரை எழுதினேன்.
மேலதிகாரி பச்சை மையில் திருப்பி அனுப்பினார்:
யார் இது? இடிப்புக்கும் இவருக்கும்
என்ன சம்பந்தம்?
பதில் இன்னும் எழுதவில்லை.
இடிக்கலாமா என்ற கட்டமும் காலி.

நேற்று ராத்திரி பட்டறைக்காரன் போன் செய்தான்.
சார், அந்த நாக்கு எத்தனை டிகிரி சரிவு?
நீலப்படத்தை விரித்தேன்.
கரையான் சரியாக அந்த இடத்தைத் தின்றிருக்கிறது.

மகளின் ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்து
கோணமானியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
முதல் பஸ் நாலே முக்காலுக்கு.